பிராக்கோலிப் பெட்டி

தரையைத் தோண்டக் கூடாது.
வாடகை ஒப்பந்தம், பதினான்காம் பத்தி.
டார்னீட்டின் களிமண்ணும் அதையேதான் சொன்னது:
மண்வெட்டி கல்லில் மோதி ணங் என்றது.

அதனால் காய்கறிக் கடையின் பின்வாசலில்
ஈரத்தோடு கிடந்த ஆறு தெர்மாகோல் பெட்டிகளை,
பிராக்கோலி வந்திறங்கியவை,
கேட்டு வாங்கி வந்தோம்.

பிராக்கோலியை அகரன் தொடமாட்டான்.
பீன்ஸைத் தட்டோரம் வேலியாக அடுக்குவான்.
சாம்பாரில் மிதக்கும் எதையும்
விரலால் விசாரித்து வெளியே அனுப்புவான்.
ஆறு வயது. சோறு, தயிர், அப்பளம்.

விதை போட்டவன் அவன்தான்.
முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்த்தவனும் அவன்தான்.
அப்படியும் முளைத்தது.
மூன்று மாதத்துக்கொரு முறை ஏஜென்ட் பார்வையிட வரும் நாளில்
பெட்டிகளை கராஜுக்குள் தூக்குவோம்.
"மெதுவா, அதுக்குத் தல சுத்தும்" என்பான்.

டிசம்பரில் ஒரு மாலை
துணி எடுக்கப் போனவள் நின்றுவிட்டேன்.
கையால் பறிக்காமல், கன்றுக்குட்டி மாதிரி
கொடியிலேயே வாய்வைத்து
பீன்ஸைக் கடித்துக்கொண்டிருந்தான்.
பார்த்தால் நிறுத்திவிடுவான் என்று
காய்ந்த துணிகளை மறுபடியும் காயப்போட்டேன்.

அதையே வதக்கித் தட்டில் வைத்தால்
"எந்தப் பெட்டி?" என்று கேட்பான்.
மூன்று என்றால் ஒரு வாய்.
கடை என்றால் வேலி.

ஏப்ரலில் குளிர் இறங்கியது.
குடைமிளகாய்ச் செடி பூப்பதை நிறுத்திக்கொண்டது.
பள்ளி விட்டதும் ஓடிவந்து
ஒவ்வோர் இலையாய்த் தூக்கிப் பார்த்தான்.
மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை.
கடையில் ஒன்று வாங்கி
காம்பில் பச்சை நூல் சுற்றிச் செடியில் கட்டினேன்.
நூலின் நிறத்துக்கு அவ்வளவு மெனக்கெட்டவள்
ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை.

அவன் பார்த்தான்.
நகத்தால் சுரண்டினான்.
கு... வீன்ஸ்... லாந்து.
எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை
ஒரு நல்ல பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ம்மா, இதுவும் இங்க வாடகைக்கா இருக்கு?"

பதிலுக்கு நிற்கவில்லை. ஒரு கடி.
தாடையெல்லாம் விதை.
ஸ்டிக்கரை என் நெற்றியில், பொட்டுக்குக் கீழே ஒட்டிவிட்டு
மீதியை நீட்டினான்.

எனக்குப் பச்சைக் குடைமிளகாய் எப்போதுமே பிடிக்காது.
வேலி கட்ட
தட்டும் இல்லை கையில்.