உடம்படுமெய்

டார்வின், அக்டோபர் கடைசி.
மழைக்கு முந்தைய புழுக்கம்.
மூன்று நாளாக வானம் மின்னுகிறது,
ஒரு சொட்டு இறக்கவில்லை.
நான்காம் மாடி அரங்கில் மட்டும் குளிர்;
சால்வை போர்த்திக் குறிப்பெடுக்கிறேன்.

கிழக்கிலிருந்து வந்த தீவுகளின் மன்றம்
ஜன்னலோரம்.
மேற்கிலிருந்து வந்த நாடுகளின் கூட்டமைப்பு
சுவரோரம்.
நடுவே மேசை, கிண்ணத்தில் புதினா மிட்டாய்,
திரையில் பதினான்காம் பத்தி:

கடலில் அசம்பாவிதம் நேர்ந்தால் இரு தரப்பும்
[உடனடியாக] [இயன்றவரை விரைவாக]
தகவல் பரிமாறிக்கொள்ளும்.

இரண்டு சதுர அடைப்புக்குறிகள்,
உள்ளே ஆளுக்கொரு கடல்.
"உடனடி என்றால் எத்தனை மணி நேரம்?"
"விரைவு என்றால் எத்தனை நாள்?"
பிறகு தேநீர்.
பிறகு அதே கேள்விகள், இடம் மாறி.

எட்டாம் வகுப்பு இலக்கணம் ஞாபகம் வந்தது.
உயிரும் உயிரும் நேராகச் சேராது,
நடுவே ஒரு மெய் வர வேண்டும்.
மணி, அடித்தது:
இடையில் ஒரு ய்.
அதற்குத் தனிப்பொருள் இல்லை,
கொடி இல்லை, பெயர்ப்பலகை இல்லை.
குறிப்பேட்டின் ஓரத்தில்
ய் ய் ய் என்று கிறுக்கியிருந்தேன்.

இரவு பதினொன்றுக்கு
இணைப்பு இரண்டைப் பிழைதிருத்த உட்கார்ந்தேன்:
அவசரத் தொடர்பு எண்கள்.
ஆறு வருடம் முன்பு வேறோர் அரங்கில்
கைதட்டி ஏற்றுக்கொண்டவை.
எண்ணில் எழுத்துப்பிழை எப்படித் தெரியும்?
அழைத்துப் பார்த்தேன்.
மேற்கின் எண்ணில் தொலைநகலின் கீச்சொலி.
கிழக்கின் எண்ணில்
மாவு பிசையும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேல்
ஒரு பெண் குரல்:
"கேக் எத்தனை பேருக்கு?"
மன்னிப்புக் கேட்டு வைத்தேன்.
அந்த நேரத்திலும் எடுத்தாளே,
அதையும் சொல்ல வேண்டும்.

குறிப்பெடுப்பவள் பேசக் கூடாது.
ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.
காலையில் இரண்டு துண்டுச்சீட்டில்
ஒரே வரியை எழுதினேன்:
உங்கள் எண்ணை நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.
முன்வரிசைக்குக் கொடுக்கவில்லை.
கோப்பு சுமக்கும் பின்வரிசையில்
இந்தப் பக்கம் நூர்ஹயாத்தி,
அந்தப் பக்கம் தெவித்தா.

இருவரும் அழைத்துப் பார்த்தார்கள்.
அவன் முகம் முதலில் சிவந்தது.
அவள் சிரிப்பை அடக்க இருமினாள்.
தேநீர் இடைவேளையில் பால்கனிக் கதவைத் திறந்தார்கள்,
அடுப்பைத் திறந்தாற்போல் வெக்கை.
அவன் உள்ளங்கையில் அவள் எண்ணை எழுதினாள்.
வியர்வை ஏழை ஒன்றாக்கியது.
மறுபடி எழுதினாள்,
லக்சா வாங்கிய ரசீதின் பின்புறம்.
"தூங்கினாலும் எடுப்பாயா?"
"என் மகள் பிறந்து நாலு மாதம்," என்றாள்.
"நான் தூங்குவதே இல்லை."

மாலை நாலரைக்கு
முன்வரிசை ஒரு முடிவுக்கு வந்தது:
உரிய காலத்தில்.
இரண்டு சொல்லும் கெட்டு மூன்றாவது தோன்றியது;
அதற்கும் இலக்கணம் இருக்கிறது.
கைதட்டல், புகைப்படம்.
மிட்டாய்க் கிண்ணம் காலி.

பிப்ரவரி.
தகரக் கூரையில் மழை
பேச்சே கேட்காதபடி கொட்டுகிறது.
தெவித்தாவிடமிருந்து செய்தி:
ஒரு ரோந்துப் படகு, ஒரு மீன்பிடிப் படகு,
இரண்டு வரைபடத்தில் இரண்டு இடத்தில் ஓடும்
ஒரே எல்லைக்கோடு.
துப்பாக்கியின் உறை கழன்றிருந்தது.
அதிகாலை மூன்று பத்து.
அழைத்தேன். எடுத்தாள்.

அவ்வளவுதான் எழுதியிருந்தான்.
அவள் யாரை எழுப்பினாள்,
அந்த யாரோ யாரை எழுப்பினார்,
உறை எப்போது திரும்ப மூடியது,
எனக்குத் தெரியாது.
ஆண்டறிக்கையில் இது வராது.
தட்டச்சு செய்யப் போவது நான்தான்,
எனக்குத் தெரியும்.

மழையில் உட்கார்ந்து
பழைய குறிப்பேட்டைத் திறக்கிறேன்.
ஓரத்தில் ய் ய் ய்.
சேர்த்து எழுதிப் பார்க்கிறேன்:
மணியடித்தது.