அணைக்க மறந்தது

என் வேலை சால்மன் பண்ணையில்.
கடலுக்கடியில் தொங்கும் கேமராக்களின் கண்ணைத் துடைப்பேன்,
மீன் தின்கிறதா என்று பார்த்து எழுதுவேன்.
ஞாயிறு எனக்குத் தூங்க விதித்த நாள்.

எய்வின் வந்து வாசலில் நின்றார், கையில் தொப்பி.
ஃபாரோவின் இந்தக் கடைசித் தீவுக்குப் போதகர் வருவது
ஆறு வாரத்துக்கு ஒரு படகு,
அதுவும் காற்று விட்டால்.
மற்ற ஞாயிறுகளில் பிரசங்கப் புத்தகத்தை
எய்வின்தான் வாசிப்பார்; மற்ற நாட்களில் ஆடு மேய்ப்பார்.
"தீவில் பதினேழு பேர், கோயிலுக்கு ஏழு பேர்,
அதில் ஒருவருக்குக் காது கேட்காது.
போனவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள், ரன்வா.
இன்டர்நெட்டில் போட முடியுமா?"

பண்ணையில் கழித்துப்போட்ட கேமரா ஒன்று கிடந்தது.
கலங்கிய நீரில் பார்க்கவென்று செய்தது,
வெளிச்சத்தில் அதற்கு நிறம் பிடிபடாது.
முதல் வாரம் பீடம் பச்சை, மெழுகுவர்த்தி பச்சை,
பாடிய ஏழு வாயும் பச்சை.
மூழ்கிப்போன ஊர் ஒன்று
தாளம் தப்பிப் பாடியது.

தலைநகரிலிருந்து திருச்சபை ஒரு கையேடு அனுப்பியது:
முதல் பத்து விநாடிக்குள் சிரிக்கவும்.
மூன்று நிமிடத்தில் முடிக்கவும்.
எய்வின் சிரித்துப் பார்த்தார்.
குட்டி மாட்டிக்கொண்ட ஆட்டைப் பார்க்கிற முகம்.
போதும், வாசியுங்கள் என்றேன்.

திரையின் ஓரத்தில் பார்ப்பவர் எண்ணிக்கை: ஒன்று.
அடுத்த வாரம் ஒன்று.
பனி கொட்டிய வாரம் பூஜ்யம். பிறகு ஒன்று.
"அது நீயா?" "இல்லை. நீங்களா?"
இருவர் போனையும் அணைத்துப் பார்த்தோம்.
ஒன்று.

வலை என்ற சொல்லை வைத்துப்
பிரசங்கம் எழுதிக்கொண்டு வந்தார்.
வேண்டாம் என்றேன். உட்கார்ந்திருப்பவர்கள் மீன்காரர்கள்,
ஒரு மீனுக்காக யாரும் வலை இறக்குவதில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, பண்ணைக் கூண்டு கிழிந்தது.
ஆசீர்வாதம் முடியுமுன் ஓடினேன்.
ராத்திரி பத்து மணிக்கு, உப்புக் கையோடு போனைத் திறந்தால்
கோயில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.
இருட்டில் பார்க்கப் பழகிய கேமரா,
முதல்முறையாக எல்லாம் தெளிவு:
பலகைமேல் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை,
கீல் தளர்ந்த ஜன்னலின் கிறீச்,
காற்று மணிக்கயிற்றைத் தொட்டுத்தொட்டுப் போவது.
ஓரத்தில்: ஒன்று.

அணைக்க விரலை வைத்தேன்.
கீழே ஒரு வரி ஊர்ந்து வந்தது,
டேனிஷில்:
அணைக்காதீர்கள்.

எஸ்பியர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவளாம். பெயர் திர்ஸா.
இந்தத் தீவை அவள் பார்த்ததில்லை, போனவர்களில் ஒருத்தியும் இல்லை.
மகன் இறந்த டிசம்பரிலிருந்து
வீட்டில் எதுவும் சத்தம் போடுவதில்லை என்று எழுதினாள்.
"உங்கள் மொழி எனக்குச் சரியாகப் புரியாது.
எல்லோரும் எழுந்து போனபிறகு அங்கே கேட்பது புரிகிறது."

சபைக் குழு கூடியது.
மின்கட்டணம் பற்றி அரைமணி நேரம்.
"யாருமில்லாத கோயிலைக் காட்டுவது எப்படி ஐயா சுவிசேஷமாகும்?"
எய்வின் தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தார்.
பிறகு, தரையைப் பார்த்து:
"முதல் ஈஸ்டர் காலையில்
பெண்களுக்குக் காட்ட இருந்ததும்
காலி இடம்தானே."
யாரோ காப்பிக்கு எழுந்தார்கள். அவ்வளவுதான் தீர்மானம்.

சனிக்கிழமைகளில் லென்ஸைத் துடைக்கப் போகிறேன்.
ஜன்னல் கீலுக்கு எண்ணெய் போடவில்லை,
அந்தச் சத்தம் அவளுக்கு வேண்டுமாம்.
ஞாயிறு காலை இன்னும் தூங்குகிறேன்.
சில இரவுகளில் எண்ணிக்கை இரண்டு.
எய்வின் சந்தோஷப்பட்டு, யாராக இருக்கும் என்று
தீவெல்லாம் கேட்டுக்கொண்டு திரிகிறார்.
நான் சொல்லவில்லை.