வெள்ளைக் காலுறை

அபர்டீனில் எனக்கு இது பதினொன்றாவது வருடம்.
நகராட்சி வேன், முதுகில் மருந்துக் குப்பி,
பையில் எப்போதும் சில ஜோடி வெள்ளைக் காலுறை.
எலி என்றால் சத்தமாகச் சொல்வார்கள்.
தெள்ளுப்பூச்சி என்றால் குரல் இறங்கிவிடும்,
வேனைத் தெருமுனையில் நிறுத்த முடியுமா என்பார்கள்.

இன்னஸ் டூத்தி அதைக் கேட்கவில்லை.
டோரியில் மூன்றாம் மாடி.
கடலுக்குள் எண்ணெய் மேடையில் ஆறு வாரம் இருந்துவிட்டு
முந்தின இரவுதான் திரும்பியிருந்தார்.
கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு
வாசலுக்கு வெளியே நின்றார்.
கணுக்காலெல்லாம் மூன்று மூன்றாகச் சிவந்த தடிப்பு.
"வீட்டில் யாருமில்லை. பூனைகூட இல்லை.
பிறகு எப்படி?"

காலுறையை மாட்டிக்கொண்டு
கூடத்துக் கம்பளத்தில் இருபது எட்டு வைத்தேன்.
குனிந்து பார்த்தால்
பாதத்தில் யாரோ எள் தூவியதுபோல்.
எள் குதிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பூனை போகும், அது உதிர்த்த முட்டை போகாது.
கம்பள இழைக்கடியில், பலகை இடுக்கில்,
புழுவாகி, கூடு கட்டி, சுருண்டுகொள்ளும்.
மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.
மூச்சின் சூடு, தரையின் அதிர்வு, ஒரு காலடி:
அப்போதுதான் கூட்டை உடைக்கும்,
ஒரே நேரத்தில், அத்தனையும்.

"எனக்காகக் காத்திருந்திருக்கின்றன" என்றார்.
சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
குப்பியின் மூடியைத் திருகினேன்.

உள்ளே ஒரு சின்ன அறை.
கட்டிலின் கால்மாட்டில் பூனையின் மெத்தை.
அதன் மடிப்பில் மிளகுப் பொடிபோலக் கிடந்ததை
ஈரக் காகிதத்தில் தட்டினேன்.
செம்பழுப்பாய் ஊறிப் பரவியது.
"இரத்தம். அவை குடித்துக் கழித்தது."
"யாருடைய இரத்தம்?"
"பெரும்பாலும் பூனையுடையது."
அந்தப் 'பெரும்பாலும்' வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் கதவுநிலையைப் பார்த்தபடி சொன்னார்.
அவர் கிளம்பின மறுநாள் பூனை கர்ஸ்டியைக் கீறியது.
விளையாட்டில்தான்.
பத்து நாள் கழித்துக் கக்கத்தில் நெறி கட்டியது,
இரவெல்லாம் காய்ச்சல்.
மோரக் மேடைக்கு ஃபோன் செய்தாள்.
காற்று, இயந்திர இரைச்சல்.
"பூனை கீறினதற்கா கூப்பிட்டாய்?" என்று கேட்டாராம்.
பிறகு அவள் கூப்பிடவில்லை.

நான் மருத்துவர் இல்லை.
இந்த மிளகுப் பொடியிலும் நோய்க்கிருமி இருக்கலாம்,
நகத்தில் ஒட்டினால் கீறலோடு உள்ளே போகலாம்
என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்.
நார்த்ஃபீல்டில் ஒரு குழந்தை
நாயைக் கொஞ்சும்போது ஒரு தெள்ளை விழுங்கிவிட்டது.
சில வாரம் கழித்து அணையாடையில் சோற்றுப் பருக்கை.
பருக்கை நெளிந்தது. நாடாப்புழு.
அந்தத் தாய் வீட்டிலிருந்த அரிசியை எல்லாம்
குப்பையில் கொட்டிவிட்டாள்.
இரண்டுமே மருந்தில் தீரும், கர்ஸ்டிக்கும் தீர்ந்திருக்கும்.
அதை மட்டும் டூத்தியிடம் சொன்னேன்.

மருந்து அடித்து முடித்தேன்.
"இரண்டு மணிநேரம் உள்ளே போகாதீர்கள்.
பிறகு தினமும் வாக்குவம் போட்டு,
பையை வெளியே கொண்டுபோய்க் கட்டிப் போடுங்கள்.
முக்கியமாக, நடங்கள்.
கூட்டுக்குள் மருந்து நுழையாது.
ஆள் இருக்கிறதென்று நம்பினால்தான் வெளியே வரும்,
வந்தால்தான் சாகும்.
எல்லா அறையிலும் நடக்க வேண்டும்."
"இந்த அறையிலுமா?"
"இதில்தான் அதிகம்."

நான் இறங்கும்போது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்,
பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டியபடி,
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

வேனில் காலுறையைப் பையிலிட்டு முடிந்தேன்.
மணிக்கட்டில் ஒன்று தப்பி வந்திருந்தது.
விரலால் நசுக்கினால் வழுக்கிவிடும்.
இரண்டு நகங்களுக்கு நடுவே வைத்தேன்.
அவ்வளவு சின்ன உடம்பில்
அப்படியொரு சத்தம்.