பன்னிரண்டு மணித்தியாலம்

"சாப்பிட்டு எத்தனை மணித்தியாலம்?"
ஊசியுறையைக் கிழிக்குமுன் எல்லோரிடமும் கேட்பேன்.
பன்னிரண்டு என்பார்கள் கண்ணைச் சிமிட்டாமல்.
வெறும் பிளேன்ரீ மட்டும் என்பார்கள்,
அதற்குள் மூன்று கரண்டி சீனி.
கோயிலில் தந்த பொங்கல் கணக்கில் சேராதாம்.
இரத்தம் சேர்த்துக்கொள்ளும்.

கார்த்திகை மழையில் சாரம் நனைய
முதல்முறை வந்தார் சவாஹிர் நானா.
நான்காம் குறுக்குத் தெருவில்
கொள்கலன் இறக்கும் தோள்.
அவருடைய குழாயைச் சுழற்றி எடுத்து
ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
சிவப்பு அடியில் இறுகியிருந்தது.
மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்கவேண்டியது
பால்தேத்தண்ணி போலக் கலங்கிக் கிடந்தது.
ட்ரைகிளிசரைட் நானூற்றுப் பன்னிரண்டு.
கெட்ட கொழுப்பைக் கணக்கிட முடியாதென்று
இயந்திரம் அந்த இடத்தில்
ஒரு கோடு போட்டுவிட்டது.

பங்குனியில் திரும்பி வந்தார்.
நோன்பு மாதம். பின்னேரம் ஆறு மணி.
நான் கதவைப் பாதி இழுத்திருந்தேன்.
"எத்தனை மணித்தியாலம் நானா?"
"பதிமூணு, புள்ள. தண்ணியும் இல்ல."
பதினொரு வருட வேலையில்
சந்தேகமில்லாமல் நான் எழுதிய பதில் அது.
"இரத்தம் எடுத்தால் நோன்பு முறியாதோ?"
"பள்ளியில கேட்டுட்டுத்தான் வந்தேன்."

குருதி உறைய அரைமணி வேண்டும்.
நாளைக்கு வாருங்கள் என்றேன்.
அவர் போகவில்லை.
மடியிலிருந்து சின்னப் பெட்டியொன்றை எடுத்து
மேசையில் வைத்துக்கொண்டு
பழங்களின் பெயர் சொன்னார்,
சுமந்தவருக்குத் தெரிந்த விதத்தில்:
எது எத்தனை கிலோ, எந்தப் பெட்டியின் விளிம்பு கழுத்தை அறுக்கும்,
எது வெயிலில் கசிந்து சட்டையில் ஒட்டும்.
"மூணு மாசமா ஈத்தம்பழம்தான் மருந்து. நாளைக்கு மூணு."
"டொக்டர் தந்த குளிசை?"
"அதையும் போடுறேன்."
"நாலுமணிக்கு முந்தி என்ன சாப்பிட்டீர்கள்?"
"ரெண்டு ரோல்ஸ், ஒரு மீன் பணிஸ், டின்பால் ஊத்தின தேத்தண்ணி.
இப்ப அதுக்குப் பதிலாத்தானே இது."

மருதானைப் பள்ளியிலிருந்து பாங்கு கேட்டது.
பஞ்சு ஒட்டிய கையாலேயே
ஒன்றை எடுத்து வாயில் வைத்தார்.
கண் மூடியிருந்தது.
பிறகு எனக்கும் ஒன்று நீட்டினார்.

அவர் போனபின் சுழற்றினேன்.
கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி நின்றது.
நூற்றெழுபத்தாறு.
கோடு இருந்த இடத்தில் இம்முறை
ஓர் இலக்கம் இருந்தது.

நானும் தேடிப் படித்திருக்கிறேன்.
சில பத்துப் பேர், சில வாரம்.
ஒரு கட்டுரை கொஞ்சம் இறங்கியது என்கிறது,
இன்னொன்று அசையவில்லை என்கிறது,
எல்லாவற்றையும் பிழிந்தால் மிஞ்சுவது
'இருக்கலாம்' என்ற ஒரு சொல்.
அதை எந்த நோயாளியும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

தின்ற பழத்துக்குப் பெயர் இருக்கிறது, நாடு இருக்கிறது,
பெட்டிமேல் ஒட்டகம் இருக்கிறது.
குளிசைக்குக்கூட ஒரு சீட்டு இருக்கிறது.
தொண்ணூறு பின்னேரம்
தின்னாமல் விட்ட ரோல்ஸுக்கு
யார் நன்றி சொல்வார்?
வராமல் இருந்ததால் நல்லது செய்தவர்களை
நான் அறிவேன்,
என் குடும்பத்திலும் இருவர் உண்டு.
றிப்போர்ட்டில் அதற்கு நிரல் இல்லை.
நாளைக்கு நானா வந்து
பழம்தான் புள்ள என்பார்.
நான் தலையாட்டுவேன். குளிசையை நிறுத்தாதீர்கள் என்பேன்.

விதையை எங்கே போடுவதென்று தெரியவில்லை.
மஞ்சள் வாளி ஊசிகளுக்கு,
சிவப்பு வாளி இரத்தம் பட்டவைக்கு.
காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
விளக்கை அணைத்தேன்.

சந்தியில் பேக்கரி திறந்திருந்தது.
சூடு இன்னும் ஆறாத தட்டு.
சில்லறை துழாவிய கைக்கு
முதலில் அகப்பட்டது விதைதான்,
நடுவே கோடு விழுந்து, வழுவழுவென்று.
அதைத் திரும்ப உள்ளே போட்டேன்.

"ரெண்டு" என்றேன்.