நான்காம் கால்பகுதி

நாள் வலப்பக்கம் போகும்.
மில்லிமீட்டர் கீழே போகும்.
அச்சுக்கு மேலே எங்களுக்கு வேலை இல்லை.

ஹவ்காங்கில் பத்து மாடிப் புளோக் ஒன்றின் அடியில்
இருபத்தாறு மீட்டர் ஆழத்தில்
சுரங்க இயந்திரம் வந்துகொண்டிருக்கிறது.
நடைபாதையில் அறைந்த பித்தளை ஆணிகள் பதினொன்று.
இருட்டோடு, ஐந்தரைக்கு,
ஹனாஃபி ஆணித்தலையில் அளவுகோலை நிமிர்த்திப் பிடிப்பான்.
நான் கருவியில் கண் வைப்பேன்.
எண்ணைச் சொல்வேன், அவன் திருப்பிச் சொல்வான்.
ஏழாம் ஆணி: குறை மூன்று புள்ளி இரண்டு.

கணினி தானே கோடு போட்டுவிடும்.
ஆனாலும் கட்டத்தாளில் ஒருமுறை கையால் குறிக்கிறேன்.
பென்சில் முனை தொடுகிற இடத்தில்
அந்தக் காலைக்கு நான் ஜவாப்தாரி.

குறை பத்தில் மஞ்சள் கோடு.
குறை பதினைந்தில் சிவப்பு.
அங்கே இயந்திரம் நிற்கும்,
கைபேசிகள் நிற்காது.

இரண்டாம் மாடி மிஸ்டர் கோ டாக்சி ஓட்டுகிறார்.
சமையலறைச் சுவரின் விரிசல் எங்கே முடிகிறதோ
அங்கே ஒரு சின்னக் குறுக்குக்கோடு, பக்கத்தில் தேதி.
அதற்கு மேலே இன்னொன்று.
அதற்கு மேலே இன்னொன்று.
"வீடு இறங்குதா?" என்று கேட்டார்.
இறங்குகிறது என்றேன்.
எவ்வளவு என்றார்.
கட்டைவிரல் நகத்தின் அகலத்தில் பாதி என்றேன்.
தன் நகத்தைப் பார்த்துக்கொண்டே லிஃப்டுக்குப் போனார்.

எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
அது மெய்.
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த இலக்கணம்.
செவ்வாய் ஒரு மெய். வியாழன் ஒரு மெய்.
புதனன்று இடியும் மழையும், யாரும் அளக்கவில்லை.
ரூலரை வைத்து இரண்டையும் சேர்த்தபோது
புதனைப் பற்றி எனக்கு ஏதோ தெரியும் என்பதுபோல்
கோடு கூசாமல் கடந்து போனது.

இருபத்திரண்டாம் நாள்
ஏழாம் ஆணி எழுந்துகொண்டது.
குறை ஏழிலிருந்து குறை மூன்றுக்கு.
ஒரே இரவில் நிலம் நான்கு மில்லிமீட்டர் மேலே.
கருவியைத் திரும்பச் சமன்செய்தோம். மறுபடி அதே எண்.
"அழிச்சிடுங்க" என்றார் பொறியாளர் நெடுமாறன், தொலைபேசியில்.
"நிலம் அப்படியெல்லாம் பண்ணாது."

வெளிச்சம் வந்தபின் குனிந்து பார்த்தேன்.
சீனர்களின் ஏழாம் மாதம்.
நடைபாதை ஓரத்தில் சாம்பல், ஆரஞ்சுத்தோல்,
யாருக்கோ ஊற்றிய தேநீரின் கறை.
ஆணித்தலைமேல் சிவப்பு மெழுகு
நாணயம்போல் உறைந்திருந்தது.
இறந்தவர்களுக்காக ஏற்றியதன் கனம்: நான்கு.

சுரண்டுவதற்கு ஹனாஃபி சாவியை நீட்டினான்.
சுரண்டுமுன் கொஞ்சம் தயங்கினேன்,
யாரிடம் அனுமதி கேட்பதென்று தெரியாமல்.
பிறகு அளந்தோம்.
குறை ஏழு புள்ளி நான்கு.

இயந்திரம் போய்விட்டது.
குறை எட்டு புள்ளி ஒன்று,
எட்டு புள்ளி இரண்டு, இரண்டு, இரண்டு.
சாய்வு பூஜ்யம். கோடு படுத்துவிட்டது,
இரவுப்பணி முடிந்து வந்தவனைப்போல.
மிஸ்டர் கோவின் சுவரிலும்
கடைசித் தேதிக்கு மேல் வேறு தேதி இல்லை.
அவர் இன்னும் பென்சிலை அடுப்பருகே வைத்திருக்கிறார்.

அலுவலகத்துக்குப் போன வரைபடத்தில்
அந்தப் புள்ளி இல்லை.
என் தாளில் இருக்கிறது.
மற்றவற்றைவிட உயரத்தில், தனியாக,
சுற்றிலும் ஒரு வட்டம்,
பக்கத்தில் "மெழுகு" என்று ஒரு சொல்.
கோடு அதைத் தொடாமல்
கீழே போகிறது.