மைனஸ் பதினெட்டு

எனக்குக் குளிர்தான் பிடிக்கும்.
சொன்னால் பகாவில் சிரிக்கிறார்கள்.
பிறந்த நாளிலிருந்து முதுகோடு ஒட்டிய சட்டை தவிர
வேறு பருவம் பார்க்காதவளுக்கு
குளிரைப் பற்றி என்ன பேச்சாம்.

ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்
நான் மைனஸ் பதினெட்டில் நிற்கிறேன்.
லோ தவுக்கேயின் குளிர்க்கிடங்கு,
மூடிப்போன கித்தா ஆலைக்குப் பின்னால்.
கோழி, கெம்போங் மீன்,
இந்தியாவிலிருந்து வரும் எருமை இறைச்சி:
என் கொள்ளுத்தாத்தாவைப் போலவே
கப்பலில், எண் ஒட்டி.

உள்ளே பேனா எழுதாது, பென்சில்தான்.
இரண்டு காலுறை, ஒரு கம்பளித் தொப்பி,
பண்டல் கடையில் பதினைந்து வெள்ளிக்கு வாங்கிய
ஜப்பான் குளிர்கோட்டு.
அதன் உள்பையில் ஒரு ரசீது இருந்தது.
எழுத்து தெரியவில்லை, 480 என்பது மட்டும் புரிந்தது.
யாரோ ஒருத்தி
நிஜமான பனியில் நின்று
ஏதோ சூடாக வாங்கிக் குடித்திருக்கிறாள்
என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.
ரசீதைத் தூக்கிப்போடவில்லை.

ஏன் பிடிக்கும் என்றால்,
குளிரில் எதுவும் மனம் மாறுவதில்லை.
வெளியே இந்த ஏப்ரலில்
காலையில் பிழிந்த தேங்காய்ப்பால்
பன்னிரண்டு மணிக்கு வேறு ஆளாகிவிடுகிறது.
உப்பு ஜாடிக்குள் அழுகிறது.
துவைத்துப் போட்ட துணி காயாமலே நாற்றமெடுக்கிறது.
செம்பனை ஓலை ஒன்றுகூட அசையாத மத்தியானத்தில்
பேசின பேச்செல்லாம்
சாயங்காலத்துக்குள் புளித்துவிடுகிறது.

என் வீட்டுக்காரர் நவநீதனுக்கு இது விளங்காது.
அவருக்கு ஆலையில் பாய்லர் வேலை.
எட்டு மணி நேரம் நெருப்போடு பேசிவிட்டு வந்து
ஆவி பறக்கும் தேத்தண்ணி கேட்பார்.
வேர்க்காத உடம்பு என்னடி உடம்பு என்பார்.
எனக்கு விசிறி ஐந்தில் சுற்ற வேண்டும்,
அவருக்கு ஒன்றில், அதுவும் சுவரைப் பார்த்து.
மூன்றில் வைத்தால்
இரண்டு பேருக்கும் தூக்கம் வராது.
பதினாறு வருஷமாக மூன்றில்தான் ஓடுகிறது.

கிடங்கில் கூட வேலை செய்யும் தில் பகதூர்
நேப்பாளத்தில் மலைமேல் பிறந்தவன்.
ஓய்வு நேரத்தில் கால்வாய் ஓரம்
உச்சி வெயிலில் போய் நிற்பான்,
இரண்டு உள்ளங்கையையும் விரித்து,
யாரோ காசு கொடுக்கப்போவதுபோல.
பனி எப்படியடா இருக்கும் என்று
ஒருமுறை ஆசையாகக் கேட்டேன்.
யோசித்தான்.
"கக்கூசுக்குப் போகிற வழி மறைந்துபோகும், அக்கா."
அவ்வளவுதான் சொன்னான்.
மறுபடி வெயிலுக்குத் திரும்பிவிட்டான்.

அன்றைக்கு எனக்கு அவன்மேல் கோபம்.
எதற்கென்று தெரியவில்லை.
கோழிப்பெட்டிகளைக் கொஞ்சம் சத்தமாகவே அடுக்கினேன்.

போன மாதம்
கதவின் கைப்பிடி உள்ளிருந்து சிக்கிக்கொண்டது.
ஏழு நிமிஷம் இருக்கும்.
முதல் மூன்று நிமிஷம் எனக்குப் பிடித்த குளிர்.
அப்புறம் அதற்கு என்னைத் தெரியவில்லை.
எருமைக்கும் எனக்கும் வித்தியாசம் பார்க்காமல்
விரல் நுனியிலிருந்து வேலையைத் தொடங்கியது.
தில் பகதூர்தான் இரும்புக் கம்பியோடு வந்து திறந்தான்.
ஒன்றும் பேசவில்லை.
என்னைக் கூட்டிக்கொண்டுபோய்
அவன் நிற்கும் இடத்தில் நிறுத்தினான்.

இதை வீட்டில் சொல்லவில்லை.
சொன்னால் விசிறி ஒன்றுக்குப் போய்விடும்.

இன்றும் ஐந்து மணிக்கு வெளியே வருகிறேன்.
வாசலில் காற்று ஈரத்துணிபோல் முகத்தில் விழுகிறது.
கண்ணாடி முழுக்க ஆவி படிந்து
ஊரே வெள்ளையாகிறது:
கடைகள் இல்லை, லாரி இல்லை,
பதினைந்து விநாடிக்கு பகாவில் பனிக்காலம்.
நான் துடைப்பதில்லை.
அந்த வெள்ளைக்குள் எங்கோ
ஹோண்டாவின் இருமல் கேட்கிறது,
செம்பனை எண்ணெய் வாடை வருகிறது.
சத்தத்தை வைத்து நடந்துபோய்
பின்னால் ஏறி உட்கார்ந்து
இரண்டு கையையும் அவர் பிடரியில் வைக்கிறேன்.

"அய்யோ சனியனே!" என்று அலறுகிறார்.

கையைத் தட்டிவிடுவதில்லை.