செவ்வாய்க்கிழமை ஆள்

சனிக்கிழமை பொழுதுபட
கிளிநொச்சியில் கண்டி வீதியை விட்டு இறங்கும்
ஒரு குறுக்கு ஒழுங்கையில் சாப்பாட்டுக் கடைகள் முளைக்கும்.
எண்ணிப் பார்த்தேன், பதினேழு.
எண்ணுவது என் தொழில்.
பதினேழில் ஆறு பேர்
என் கொப்பியில் இருக்கிறார்கள்.

கொம்பனிச் சேட்டைப் போடவில்லை.
மோட்டார் சைக்கிளைத் தூரத்தில்
மருந்துக்கடை மதிலோடு விட்டுவிட்டு
மகளைக் கையில் பிடித்து நடந்து வந்தேன்.
அந்தச் சைக்கிளின் சத்தம் அவர்களுக்குத் தெரியும்.
எத்தனை படலைகள் அதைக் கேட்டே சாத்தியிருக்கின்றன.

கொத்துரொட்டித் தகரம் அடிக்கிற அடியில்
யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது.
அது எனக்கு வசதியாயிருந்தது.
முறிகண்டிக் கச்சான் சுருள்,
ஐஸ்பெட்டிக்குள் கழுத்துவரை தாண்ட சர்பத்துப் போத்தல்கள்,
முல்லைத்தீவுக் கணவாயை மிளகாயில் புரட்டி
ஈர்க்கில் குத்தி விற்கிற ஒரு பொடியன்.
ஒடியற்கூழுக்குப் பிலாவிலை கோலி வைத்திருந்தவர்
இலை முடிந்ததும் யோகட் கோப்பைக்கு மாறினார்,
ஒருத்தரும் குறை சொல்லவில்லை.
ஜெனரேற்றர் இருமி
எல்லாக் குமிழ்களையும் ஒருதரம் மூடித் திறந்தது.

"அப்பா, றால் வடை."

மகளுக்கு விரல் நீட்டத் தெரியும்,
கொப்பி தெரியாது.
அவள் நீட்டிய இடத்தில் யோகமலர்.
குழு இலக்கம் நான்கு.
இரணைமடுப் பக்கம், வாய்க்கால் கரையால் மூன்றாவது வீடு.
மூன்று தவணை நிலுவை.

தாச்சிக்குப் பின்னால் நின்றவ
என் முகத்தைப் பார்த்தா,
பிறகு சேட்டைப் பார்த்தா.
அகப்பை ஒரு கணம் எண்ணெய்க்குள்ளேயே நின்றது.
ஒரு வடை கருகியது.

"வாங்கோ" என்றா.

வீட்டில் அவ ஒருநாளும் வாங்கோ சொன்னதில்லை.
கதிரையை மட்டும் இழுத்துப் போடுவா.
நான் இருப்பேன்.
பயிற்சியில் சொல்லித் தந்ததும் அதுதான்:
காசு கைக்கு வரும்வரை எழும்பாதே.
இங்கே கதிரை இல்லை.
நின்றபடி தின்றோம்.

மகள் ஊதி ஊதிக் கேட்டாள்,
"அன்ரிக்கு எங்கட அப்பாவைத் தெரியுமோ?"
"தெரியாமல்? எங்கட வீட்டுக்கு வாறவர்.
செவ்வாய்க்கிழமையில."
"என்னத்துக்கு?"

எனக்குத் தொண்டையில் றால் மீசை.

யோகமலர் ஒரு வடையைத் திருப்பினா.
பக்கத்தில் கிடந்ததையும் திருப்பினா.
"விசாரிக்க" என்றா.

விசாரிக்க.
சுகமாயிருக்கிறியளோ என்று படலையில் நின்று கேட்பதும் அதுதான்,
மேசைக்கு அந்தப் பக்கம் இருத்திவைத்துக் கேட்பதும் அதுதான்.
இரண்டையும் கேட்டுப் பழகின சனம் நாங்கள்.
மகள் முதலாவதை எடுத்துக்கொண்டு
எண்ணெய்க் கையால் என் விரலைப் பிடித்தாள்.

நாலு வடை, நானூறு.
ஆயிரம் ரூபாத் தாளை நீட்டி
மிச்சம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அறுநூறையும்
மகளின் உள்ளங்கையில் எண்ணினா.
பெருவிரலை நாக்கில் தொட்டு,
இரண்டு தரம்,
நான் எண்ணுவதைப் போலவே.
"பற்றுச்சீட்டு வேணுமோ?"
சிரித்தாவோ தெரியாது.
ஜெனரேற்றர் திரும்பவும் இருமிவிட்டது.

செவ்வாய்க்கிழமை
ஒரு தவணை கட்டினா.
கட்டுக்குள் ஒரு ஆயிரம்,
மூலையில் எண்ணெய் ஊறி
வெயிலுக்குப் பிடித்தால் கண்ணாடி மாதிரி.
என்னுடையதாய் இருக்கலாம்.
ஆயிரங்கள் எல்லாம் ஒரே பச்சைதானே.
கொப்பியில் பதிந்தேன். கையெழுத்து வாங்கினேன்.
கதிரை போட்டிருந்தா, இருந்துதான் செய்தேன்.

படலையைத் தாண்டி
சைக்கிளை உதைக்கும்போதுதான் யோசனை வந்தது:
எங்களுக்குத் தந்த நாலும் நல்ல வடை.
அந்தக் கருகினதை
யார் தின்றது?